முடிவை முதலில் போடச் சொன்னவன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மனைவியின் வளவில் ஒரு கல்வீடு. ஒரு பை சீமெந்துகூட வாவியைத் தாண்டி வரப் படையினர் விடாத சண்டைக் காலத்தில், மட்டிச் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துக் கட்டியது. இன்றைக்கும் சுவரில் வெடிப்பு இல்லை. மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளைய மகளுக்கு ஒரு வீடு. நெல் குத்தும் மில் ஒன்று. அதன் மெசின் மூன்று செத்த மெசின்களின் துண்டுகளைச் சேர்த்து நானே பொருத்தியது. வயல்வட்டைக்குப் போகும் வழியில் வாய்க்காலுக்கு மேல் ஒரு சின்னப் பாலம். சின்னதுதான், ஆனால் நெல் ஏற்றிய உழவு மெசின் அதன்மேல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பாதை.

பாதை என்றால் எங்கள் பக்கத்தில் றோட்டு இல்லை. இரண்டு பெரிய வள்ளங்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய கம்பியைப் பிடித்து ஆட்கள் இழுத்துக்கொண்டு போவதுதான் பாதை. ஆளும் சைக்கிளும் நெல்மூட்டையும் மாடும் எல்லாம் அதில்தான். எங்கள் துறையில் முன்பிருந்த பாதை சண்டையில் எரிந்து போனது. வேறு ஒன்று தரும்படி அதிகாரிகளைக் கேட்டுக் கேட்டு ஊர்ப் பெரியவர்கள் களைத்துப் போனார்கள். நான் கேட்கவில்லை. கட்டினேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டிய பாதையில்தான் எதிர்க்கரையின் வாத்திமாரும் டாக்குத்தர்மாரும் சண்டை முடியும்வரை வந்து போனார்கள்.

இவ்வளவும் செய்த எனக்குப் படம் பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லை. பார்க்கக்கூடாது என்று ஒரு கொள்கையும் கிடையாது. சின்ன வயதில் மட்டக்களப்பு நகரத்துத் தியேட்டருக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். ஒரு பாட்டில் கதாநாயகன் தோணி வலித்துக்கொண்டு போகிறான். கையில் சவள் இருக்கிறது, ஆனால் அது தண்ணீரில் படவே இல்லை. தோணி பாட்டுக்குப் போகிறது. எல்லாரும் பாட்டைக் கேட்டார்கள். நான் தோணியைப் பார்த்தேன். அன்றைக்கே எனக்கு இந்தச் சோலி முடிந்துவிட்டது. பிறகு யாராவது படக்கதை சொன்னால் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வேறு வேலையை யோசிப்பேன்.

என் மனைவி அப்படி இல்லை. எங்கள் வழமைப்படி கலியாணம் முடித்து நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். போன அன்றைக்கே, நெல்லுப் பெட்டிக்கு மேலே சுவர் நிறைய, பத்திரிகையில் வெட்டி ஒட்டிய நடிகர் நடிகைகளின் படங்களைக் கண்டேன். அவர்களுக்குக் கீழேதான் நான் படுத்து எழும்பினேன். சுண்ணாம்பு வீடு கட்டியபோது, பழைய சுவரை இடிக்க முன்னம் அந்தப் படங்களைத் தண்ணீர் தெளித்து உரித்து எடுத்துத் தரும்படி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் கிழியவில்லை.

எங்கள் கரையில் அப்போது மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. படம் பார்க்க வேண்டுமென்றால் வாவியைத் தாண்டிக் கிழக்கே எழுவான்கரைக்குத்தான் போக வேண்டும். துறையில் இறங்கிக் கூப்பிடு தூரத்தில், சந்தைக்குப் பின்னால், ஒருவர் தன் நெல்லுக் களஞ்சியத்தை வெறுமையாக்கி, வாங்குகள் போட்டு, முன்னால் ஒரு பெரிய ரீவியும் கசெட் போடும் டெக்கும் வைத்து நடத்தினார். எல்லாரும் அதை ஹோல் என்பார்கள், அவரை ஹோல் முதலாளி என்பார்கள். நல்ல மனிதர், பயந்த சுபாவம். ரீவியைத் துடைக்கும்போதுகூடத் தூங்குகிற பிள்ளையைத் துடைப்பதுபோலத் துடைப்பார்.

சனிக்கிழமை சனிக்கிழமை எங்கள் கரைச் சனம் சந்தைக்குப் போகும், சாமான் வாங்கும், பிறகு ஹோலுக்குள் போகும். அந்தக் கரையிலும் மின்சாரம் பகல் இரண்டு மணிக்குப் பிறகுதான் வரும், ஆகவே படமும் அதற்குப் பிறகுதான். துறையில் படையினரின் காவல் சென்றி. அந்தக் கரையில் இறங்கும்போது ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வாங்கி வைப்பார்கள், திரும்பும்போது தருவார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பாதைக் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு ஓர் அட்டை கையில் மிஞ்சியிருந்தால் மறுநாள் பாதை ஓடாது. ஒருமுறை ஒரு கிழவர் மகள் வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டார். ஒரு கிழமை முழுக்கப் பாதை நின்றது. ஆசுபத்திரிக்குப் போக வேண்டியவர்கள் காட்டு வழியால் சுற்றிப் போனார்கள். ஆகவே அந்தப் பூட்டு விளையாட்டில்லை.

படம் முடிவதற்கோ ஐந்து மணி தாண்டும்.

இதில் என் வேலை என்னவென்றால், கடைசிப் பாதை புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னம் ஹோல் வாசலுக்குப் போய் நின்று கத்துவது. எந்தப் படத்தில் எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. சென்றிக்காரரின் மணிக்கூட்டைப் பார்ப்பேன், போவேன், கத்துவேன்.

"பாதை வெளிக்கிடுது! படுவான்கரை ஆக்கள் எல்லாம் எழும்புங்க!"

உள்ளே இருட்டுக்குள் இருந்து யாராவது சொல்வார்கள்: "எமன் வந்திட்டான்டா!"

ஹோலுக்குள் எனக்கு அதுதான் பெயர். வாங்குகள் கிரீச்சிடும். பைகளைத் தேடுவார்கள். பிறகு ஒவ்வொருவராக வெளியே வருவார்கள், முகம் மட்டும் பின்னால் திரும்பி இருக்கும். கால் துறையைப் பார்த்து நடக்கும், கழுத்து ஹோலைப் பார்த்துக் கிடக்கும். ஒரு மனிசி அப்படி நடந்துபோய் மாட்டு வண்டிலில் மோதினாள். அந்தக் காலத்துப் படங்களை யாராவது பேசும்போது எனக்கு அந்தக் கழுத்துகள்தான் ஞாபகம் வரும்.

பாதையில் ஏறியதும் தர்க்கம் தொடங்கும். கம்பியை இழுப்பது நானும் மனைவியின் தம்பியும். அவன் என் மச்சினன், படப் பைத்தியத்தில் தமக்கைக்குச் சளைத்தவன் அல்ல.

"அவன் செத்துத்தான் போவான். நெஞ்சிலயல்லவா வெடி பட்டது?" என்பான்.

"இன்னும் ஒரு பாட்டு மிச்சம் கிடக்கு. பாட்டுப் படிக்காம ஆரு சாகிறது?" என்பாள் என் மனைவி.

காத்தான்குடியில் இருந்து புடவைப் பொட்டணியோடு கடைசிப் பாதையில் எங்கள் கரைக்கு வரும் வியாபாரி ஒருவர் இருந்தார். அண்ணன் முறையில் நானா, நானா என்று எல்லாருக்கும் அவரில் பிரியம். தன் ஊரில் எல்லாப் படமும் முழுசாகப் பார்த்ததாகச் சொல்வார். பெண்கள் அவரைச் சுற்றி இருந்து முடிவு கேட்பார்கள். அவரும் சொல்வார்.

"போன கிழமை அவன் உயிரோட எண்டீங்க நானா. இந்தக் கிழமை செத்திட்டான் எண்டிறீங்க," என்று என் மனைவி ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"அது வேற கொப்பி தங்கச்சி," என்றார் நானா, முகம் மாறாமல்.

பாதை சிரித்த சிரிப்பில் கம்பி ஆடியது. ஆனால் என் மனைவி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இஞ்சேருங்க, நான் இத்தின படம் பாத்திருக்கன். ஒண்டுக்கும் முடிவு தெரியாது. உங்களக் கலியாணம் முடிச்ச பலன்."

நான் மணிக்கூட்டைச் சொன்னேன், பூட்டைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் சங்கிலி போடுகிறவனை அவள் குறை சொல்லவில்லை, வாசலில் வந்து கத்துகிறவனைத்தான் சொன்னாள். அப்படித்தான் எல்லாரும்.

பிறகு ஒரு சனிக்கிழமை. தாயும் மகளும் பிரிந்து ஒருவரை ஒருவர் தேடுகிற படம் என்று பின்னால் சொன்னார்கள். அந்தக் கசெட் வரப்போகிறது என்று முதலாளி சொன்ன நாளில் இருந்து என் மனைவிக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. அன்றைக்குக் காலையிலேயே சமைத்து வைத்துவிட்டு, சந்தையில் ஒன்றும் வாங்காமல் நேரே ஹோலுக்குப் போய் முதல் வாங்கில் இருந்துவிட்டாள்.

நேரமானதும் வழக்கம்போல வாசலில் நின்று கத்தினேன். எமன் வந்தான் என்றார்கள். வாங்குகள் கிரீச்சிட்டன. சனம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வந்தது. நான் துறைப் பக்கம் கிறுகி நடந்தேன். மச்சினன் வாசலிலேயே நின்றான்.

"அத்தான், அக்காவக் காணல்ல."

"பின்னால வருவாள்."

"வரமாட்டா போல கிடக்கு. செருப்பக் கழட்டிப்போட்டு இருக்கிறா."

செருப்பைக் கழற்றினால் அவள் ஓர் இடத்தில் இருந்துவிட்டாள் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். அவளுடைய அட்டை சென்றியில் கிடக்கிறது. அவள் வராவிட்டால் நாளைக்குப் பாதை இல்லை, எத்தனை நாளைக்கு என்று தெரியாது. நான் கட்டிய பாதையை என் வீட்டுக்காரியே நிற்பாட்டினாள் என்று ஊர் பேசும். மச்சினனை மற்றவர்களோடு துறைக்குப் போகச் சொல்லிவிட்டு, ஹோலுக்குள் போனேன்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போனது அன்றுதான். வெளி வெயிலில் இருந்து போனதால் கண் தெரியவில்லை. ரீவிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"தலை! தலையப் பணி!"

"ஆரடா அது? பாதையா?"

"பாதை ஹோலுக்குள்ள வந்திட்டுது. இனி இஞ்சயே ஏறலாம்."

எழுவான்கரைக்காரர்களுக்கு நல்ல பகிடி. அவர்களுக்கு ஐந்து மணிப் பூட்டு இல்லையல்லவா. நான் குனிந்து மனைவியின் பக்கத்தில் போனேன்.

"புள்ள, எழும்பு."

"நீங்க போங்க. முடிவப் பாத்திட்டு வாறன்."

"எதில வருவாய்?"

"நீந்தி வாறன்."

"உன்ட அட்டை சென்றியில கிடக்கு."

"அட்டையில என்ட படம் கிடக்குத்தானே. அவன் அந்தப் படத்தப் பாக்கட்டும். நான் இந்தப் படத்தப் பாக்கிறன்."

ஹோல் முழுக்கச் சிரித்தது. அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்க்காமலே, ரீவியைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "ஒரு படத்துக்காவது முடிவு தெரியட்டும். மறுகா நீங்க கூப்பிடுற இடமெல்லாம் வாறன்."

பிடித்து இழுக்கலாம் என்று பார்த்தேன். இழுத்தால் வருகிற ஆள் இல்லை அவள். நேரமோ போகிறது. அப்போதுதான் ரீவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரூலில் முதலாளி முழிசிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அவருக்கு முன்னால் டெக். அதன் கண்ணாடிக்குள்ளே கசெட்டின் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் படம் விளங்காது. சுற்றுகிற சாமான் விளங்கும்.

"முதலாளி, இது இவ்வளவுதான் சுத்துமா? கெதியாச் சுத்த ஏலாதா?"

"ஏலும் அண்ணே. அமத்தினா ஓடும். ஆனாப் படம் விளங்காது."

"விளங்க வேணாம். வாலுக்கு ஓட்டு. வாலப் போட்டு விடு, இந்த மனிசி பாத்திட்டு வரட்டும்."

"மத்த ஆக்கள் என்னை அடிப்பாங்க அண்ணே!"

அடிக்கவில்லை, ஆனால் கத்தினார்கள். "பாதைக்காரனுக்காக நாங்க ஏன் ஓடவேணும்?" என்றான் ஒருவன். நான் சொன்னேன்: "நீங்க இருங்க. நாங்க போனாப்பிறகு விட்ட இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து போடுவார். உங்களுக்கு ஒரு முடிவு ரெண்டு தரம்." அது அவர்களுக்குப் பிடித்துக்கொண்டது. இதையும் நான்தான் சொன்னேன், முதலாளி இல்லை. 

அவர் பட்டனை அமத்தினார். ரீவியில் மனிதர்கள் எறும்புகள்போல ஓடினார்கள், ஒரு கலியாண வீடு வந்து போனது, ஒரு கார் பின்னுக்கும் முன்னுக்கும் பறந்தது. பிறகு நின்றது. அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குள் விசயம் துறைவரைக்கும் போய்விட்டது. வழியில் போய்க்கொண்டிருந்த எங்கள் கரைச் சனம் எல்லாம் திரும்பி ஓடி வந்து வாசலையும் யன்னலையும் நிறைத்தது. மச்சினனும் வந்துவிட்டான். பாதையில் ஒரு குருவியும் இல்லை.

நான் ரீவிக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றேன், துறைப் பக்கத்து யன்னல் அந்தப் பக்கம் இருந்தபடியால். அங்கே சென்றி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இடையில் மனைவியையும் ஒருதரம் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ரீவி வெளிச்சம் முகத்தில் நீலமாக விழுந்தது. மடியில் வைத்திருந்த சந்தைப் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், உள்ளே ஒன்றும் இல்லாத பை.

முடிந்ததும் அவளே எழும்பிச் செருப்பைப் போட்டாள். "வாங்க," என்றாள் எனக்கு, நான்தான் சுணங்கியதுபோல.

எல்லாரும் ஓடினோம். நாங்கள் துறைக்குப் போக, படைக்காரப் பொடியன் சங்கிலியைக் கம்பியில் கோத்துவிட்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏன் லேட்?" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

"படம் முடிஞ்சுது சேர்," என்றான் மச்சினன், மூச்சு இளைத்துக்கொண்டு.

படைக்காரப் பொடியன் தன் பாசையில் மற்றச் சென்றிக்காரனுக்கு ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சங்கிலியைக் கழற்றி, அட்டைகளைத் தந்துவிட்டான்.

அன்றைக்குப் பாதையில் தர்க்கம் இல்லை. கம்பி இழுபடும் சத்தம் மட்டும். என் மனைவி நடுவில் இருந்தாள். நானாவைப் பார்த்து, "நானா, தாயும் மகளும் சேந்திட்டாங்க. இனி நீங்க எனக்குச் சொல்லத் தேவல்ல," என்றாள். நானா தலையை ஆட்டினார்.

இதோடு விசயம் முடிந்திருக்கும். என்னால்தான் முடியவில்லை. எங்கள் கரையில் சனத்தை இறக்கும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. என் பாதைக்கு வாய் ஒன்றுதான். ஏறுவதும் இறங்குவதும் அதே பக்கத்தால், பாதையைத் திருப்பிக் கரையில் முட்டுவோம். அதனால் கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். அவசரமான சாமான் எதுவோ அதைக் கடைசியில் ஏற்ற வேண்டும், அவசரமில்லாததை உள்ளுக்குத் தள்ள வேண்டும். இந்த ஒழுங்கு தெரியாமல் ஏற்றினால் துறையில் சண்டைதான். முதலாளி படத்தை ஏற்றுகிற ஒழுங்கு பிழை. சனத்துக்கு எது அவசரமோ அதை அவர் உள்ளுக்குத் தள்ளி வைத்திருக்கிறார். வாலை ஒவ்வொரு கிழமையும் அவசரப்பட்டு ஓட்டத் தேவையில்லை. முதலிலேயே போட்டுவிடலாம்.

அடுத்த நாள் மில்லைப் பூட்டிவிட்டு இதற்கென்றே அந்தக் கரைக்குப் போனேன். முதலாளி ரீவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, இனிச் சனிக்கிழமையில முடிவ முதல் போடுங்க. மறுகா தலையில இருந்து போடுங்க. நான் வந்து கூப்பிடக்குள்ள சனம் பேசாம வரும்."

அவர் துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். "அண்ணே, குறை நினைக்காதீங்க. உங்களுக்குப் படம் எண்டா என்னெண்டு தெரியாது. முடிவப் பாத்தாப்பிறகு ஆரு இருந்து படம் பாப்பான்?"

"நீங்க கூத்துப் பாக்கிறல்லயா?"

"பாக்காம?"

"கூத்துக் களரியில ஆரு வெல்லுவான், ஆரு சாவான் எண்டு பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சுதானே விடிய விடியப் பாய் போட்டு இருக்கிறம். ஆராவது எழும்பிப் போனவனா?"

 அவர் திரும்பவும் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். நான் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வந்த சனிக்கிழமை ஹோல் வாசல் பலகையில் வெண்கட்டியால் எழுதிக் கிடந்தது: முடிவு முதல்.

எழுவான்கரைக்காரர்கள் சிலர் முதலில் குழம்பினார்கள். ஒருவர், படம் தலைகீழாக ஓடுகிறது, கண் கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு மூன்று கிழமையில் பழகிவிட்டது. நான் வாசலில் போய்க் கூப்பிட்டால் சனம் எழும்பி நேரே பார்த்துக்கொண்டு நடந்து வந்தது. பார்க்காமல் விட்டது முடிவுக்கு முன்னால் வரும் ஒரு சண்டைதான். சண்டைக்காக ஒருவரும் கழுத்தைத் திருப்பவில்லை.

அழுகிற இடம் மட்டும் மாறிப்போனது. முன்பெல்லாம் எழுவான்கரைக்காரர்கள் கடைசியில் அழுவார்களாம். இப்போது எல்லாரும் பாட்டுக்கு அழுதார்கள். மரத்தைச் சுற்றி ஆடுகிற பெண்ணைப் பார்த்து, "பாவம், இவள் சாகப்போறது இவளுக்குத் தெரியாது," என்று என் மனைவி மூக்கைச் சிந்துவாளாம். மச்சினன் வந்து சொன்னான். பாதையில் பேச்சும் மாறியது. இனி என்ன நடக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எந்த இடத்தில் பிழை நடந்தது என்று பேசினார்கள்.

"அந்தக் கடுதாசிய அவன் தம்பிக்கிட்டக் குடுத்திருக்கக் கூடாது."

"குடுக்க முன்னமே பிழைச்சுப் போச்சு. அண்டைக்கு மழைக்க அந்த வீட்டுக்குப் போனது ஏன்?"

இப்படியே கரை வந்துவிடும். எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. படத்தைவிட அது பரவாயில்லை. மெசின் ஒன்று நின்றால் நானும் அப்படித்தான் பின்னால் பின்னால் போய்ப் பார்ப்பேன்.

சண்டை முடிந்தது. எங்கள் கரைக்கும் மின்சாரம் வந்தது, வாவிக்கு மேலே பாலம் போட்டார்கள், பாதை கரையில் கிடந்து இத்துப் போனது. முதலாளி காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். அதெல்லாம் காலத்தின் வேலை, எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

போன வருடம் எங்கள் ஊர் வாசிகசாலையைத் திருத்தித் திறந்தபோது ஒரு நினைவு மலர் வெளியிட்டார்கள். அந்தக் கரை ஹோலைப் பற்றி அதில் ஒரு கட்டுரை, முதலாளியின் படத்தோடு. பேத்தி வாசித்துக் காட்டினாள். போர்க்காலத்து மக்களின் மனதை அறிந்து, படத்தின் முடிவை முதலிலேயே காட்டும் புதுமையைக் கொண்டுவந்தவர் முதலாளி என்று இருந்தது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத மக்களுக்கு, முடிவு தெரிந்த கதை ஆறுதலாக இருந்ததாம். என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு. பாதைக்காரர் வந்து சத்தமிட்டதும் மக்கள் கலைந்து போவார்களாம்.

ஆறுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்குப் பூட்டு. அதற்காகச் செய்தது.

மலரைத் தொகுத்த ஆசிரியரைச் சந்தையில் கண்டேன். மரியாதையான பிள்ளை. "தம்பி, இந்தக் கதைய உங்களுக்கு ஆரு சொன்னது?" என்று கேட்டேன்.

"உங்கட வீட்டு அம்மாதான் ஐயா. நீங்க அண்டைக்கு மில்லுக்குப் போயிருந்தீங்க. அவ தேத்தண்ணியும் தந்து வடிவாச் சொன்னா."

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிவ முதல் போடச் சொன்னது ஆரு?"

"ஹோல் முதலாளி. நல்ல மனுசன். எங்களுக்காக எவ்வளவு பேச்சுக் கேட்டவர்."

"சொன்னது நான்."

"பட்டன அமத்தினது அவர்தானே?"

"அமத்தச் சொன்னது நான். மறுநாள் போய்ச் சொல்லி ஒழுங்கு பண்ணினதும் நான்."

அவள் மிளகாயைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "நீங்க எமன் மாதிரி ரீவிய மறைச்சுக்கொண்டு நிண்டீங்க. அதுதான் எனக்கு ஞாபகம். ஒரு படம் முழுசாப் பாக்காத மனுசனுக்கு முடிவப்பத்தி என்ன தெரியும்?"

"மறுநாள் நான் அந்தக் கரைக்குப் போனனா, இல்லையா?"

"மில்லுக்குச் சாமான் எடுக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனீங்க."

அது மெய்தான். அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன். மனைவி படம் பார்ப்பதற்காக வேலையை விட்டு வாவியைத் தாண்டுகிறேன் என்று அந்த நாளில் எந்த ஆம்பிளை வாயால் சொல்வான்? சாட்சி சொல்லக்கூடியவர் முதலாளி ஒருவர்தான், அவரும் இல்லை. மச்சினனைக் கேட்டேன். "அத்தான், நான் யன்னலில நிண்டு படம் பாத்தன். நீங்க என்ன கதைச்சீங்க எண்டு ஆரு கவனிச்சது?" என்றான். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் படம் பார்த்தார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். படத்தை விரும்புகிற ஒருவனுக்கு அதன் வாலைத் தூக்கித் தலைக்கு முன்னால் வைக்க மனம் வருமா? முதலாளி ரீவியைத் துடைப்பதே தூங்குகிற பிள்ளையைத் துடைப்பதுபோல. அந்த வேலையைப் படத்தில் ஒரு பற்றும் இல்லாத ஒருவன்தான் செய்திருக்க முடியும். அந்த இரண்டு கரையிலும் அப்படி ஓர் ஆள் நான்தான் இருந்தேன்.

மலரை மறுபடி அச்சடிப்பதாகச் சொல்கிறார்கள், பிழை திருத்தம் இருந்தால் எழுதித் தரச் சொல்கிறார்கள். ஆகவே தருகிறேன். முதலாளியின் பெயரையும் படத்தையும் எடுக்க வேண்டாம், அவர் அமத்தியது உண்மை. அதற்கு மேலே ஒரு வரி சேர்க்க வேண்டும்: முடிவை முதலில் போடச் சொன்னவர் பாதைக்காரர், தன் மனைவி ஒரு படத்தின் முடிவையாவது பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். இப்படியே, ஒரு சொல்லும் குறையாமல். அச்சடித்த முதல் பிரதியை ஆசிரியர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அந்த வரியை அவளுக்கு உரத்து வாசித்துக் காட்ட வேண்டும்.